பன்னிரண்டாவது இடம்

சாஆ,
ஜொகூர், மலேசியா
16 பிப்ரவரி

அன்பு மகள் சாருமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ, பெரியம்மா, அவர் மகன் ரூபேந்திரன் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கடிதம் என்றதும் சிரிப்பாய். கைப்பேசியில் நான் அனுப்புவது ‘சுடா மாக்கான்?’ என்று இரண்டு மலாய் வார்த்தை. நீ ‘சுடா’ என்று ஒன்று அனுப்புவாய். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அதோடு அப்பனும் மகளும் பேசி முடித்தாயிற்று. அந்தச் சின்னப் பொத்தான்களில் என் விரலுக்குத் தமிழ் வராது. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போன இந்த இரண்டு வருடமும் நோட்டில் எழுதி எழுதித்தானே உன்னோடு பேசினேன். நீ மாசாய்க்குப் பெரியம்மா வீட்டுக்கு வேலை பார்க்கப் போய் மூன்று வாரம் ஆகிறது. நோட்டு அப்படியே கிடக்கிறது.

தோட்டத்தில் ஐம்பது வேலையாட்களைக் காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட மண்டோர், இப்போது ஆலை வாசலில் லோரி எடை போடும் இடத்தில் உட்கார்ந்து நம்பர் எழுதுகிறேன். அதில் ஒன்றும் வருத்தமில்லை. ஒட்டுக்கடைக்கு டீ குடிக்கத்தான் போவதில்லை. பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். “மண்டோரே, தே தாரிக்கா?” என்று செகாமட் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறார்கள்.

பல்கலைக்கழகம் போக எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிய பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் ஊரில் ஆளுக்கு ஆள் நாட்டாமை. கோயில் செயலாளர் கணக்கியல் என்கிறார். அவர் மனைவி ஆசிரியர் வேலை என்கிறார். பெண்ணைப் பெற்றவன் நான் ஒருவன்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அப்பா ஜெயபாலன்


மாசாய்,
2 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். பெரியம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. உங்கள் கழுத்துப் புண் ஆறிவிட்டதா, ஆஸ்பத்திரிக்கு மாதாந்தரம் போகிறீர்களா என்பதை எழுதவே இல்லையே.

மருந்துக்கடை வேலை பரவாயில்லை. அலமாரி அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது. முதலாளி மிஸ் லிம் பெரிய படிப்புப் படித்தவர். பார்மசி எடுக்கட்டுமா என்று கேட்டேன். நாள் முழுக்க அடுத்தவர் இருமலைக் கேட்கப் பொறுமை இருந்தால் எடு என்றார். எனக்கு இல்லை.

பெரியம்மாவுக்கு நான் தாதியாக வேண்டும். “கவர்மெண்டு வேலலா, மாப்பிள்ள வீட்ல கண்ண மூடிக்கிட்டு வருவாங்க” என்கிறார். ரூபேந்திரன் அண்ணன், “படிச்சு என்னத்த லா கிழிக்கப் போற? சிங்கப்பூர் வா, ரெண்டு வருஷத்துல சொந்தமா காடி வாங்கி ஓட்டலாம்” என்று சொல்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி விழுகிறார். விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிற மனிதர், பாவம்.

போன புதன்கிழமை எனக்கு விடுமுறை. சிப்பி வளர்க்கிற படகுத்துறைப் பக்கம் சும்மா நடந்து போனேன். கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் படிக்கும் இரண்டு பெண்கள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். கயிற்றில் ஒரு குப்பியைக் கட்டி இறக்கி, இவ்வளவு ஆழத்தில் இவ்வளவு உப்பு, இவ்வளவு சூடு என்று எழுதுகிறார்கள். மேலே ஒரே மாதிரி இருக்கும் தண்ணீர் உள்ளே அடுக்கடுக்காக வேறு வேறாம். என் கையிலும் ஒரு குப்பியைக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் நின்றுவிட்டேன். கடல் அறிவியல் என்று ஒரு படிப்பே இருக்கிறதாம்.

சும்மா சொன்னேன். பயந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள் சாரு


சாஆ,
9 மார்ச்

அன்பு மகளுக்கு,

கழுத்துப் புண் ஆறிவிட்டது. மாதாந்தரம் போகிறேன். டாக்டர் நன்றாக இருக்கிறது என்று கத்தினார். அவருமா.

பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் நின்றாலே உன் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் நின்றேன் என்கிறாய், சும்மா என்றும் சொல்கிறாய். தோட்ட ஆபீஸ் கிராணியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கடல் படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கம்ப்யூட்டரில் பார்த்து எடுக்கச் சொன்னேன். மீன்வளத் துறை, துறைமுகம், கடல் பூங்கா, எண்ணெய்க் கம்பெனி, ஆராய்ச்சி என்று இரண்டு பக்கம் வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். கிராணி, “மண்டோர் மக மீன் பிடிக்கப் போவுதா?” என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

சபா பல்கலைக்கழகம் இருக்கிற கோத்தா கினபாலு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தானாம். சாஆவிலிருந்து மாசாய்க்கு பஸ் மாறி வருவதற்கே அதைவிட அதிகமாகிறது.

அரிசி இன்னும் இரண்டு பேருக்கே போடுகிறேன். உங்கம்மா போன பிறகு பத்து வருடமாகப் பழகிய கை. மிச்சத்தைக் கோழிகள் தின்கின்றன. அவை நன்றாகக் கொழுத்துவிட்டன.

பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அப்பா


மாசாய்,
21 ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுதாமல் விட்டது என் தப்பு. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பெரியம்மா சாஆ கோயிலுக்கு வந்தாரே, உங்களை அங்கே காணோம் என்று சொன்னார். பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தாராம். பக்கத்து வீட்டு மகேஸ்வரன் மாமா குடும்பத்தோடு செகாமட்டுக்குப் போய்விட்டாராம். லயத்து வீடுகளில் அந்த வரிசையில் இப்போது நம் வீட்டில் மட்டும்தான் விளக்கு எரிகிறதாம். கோழி கொழுத்ததை எழுதுகிறீர்கள். இதை எழுதவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்தால் நீங்கள் எப்படி அப்பா யாரையாவது கூப்பிடுவீர்கள்? கூப்பிட்டாலும் கேட்க யார் இருக்கிறார்கள்? மருந்துக்கடையில் அலமாரி அடுக்கிக்கொண்டே இதைத்தான் நினைக்கிறேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். பாகோ பல்கலைக்கழக வளாகத்தில் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது. படித்தால் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கும் வேலை, ஜொகூரிலேயே கிடைக்கும். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதுவும் நல்ல படிப்புதான். கடல் எங்கேயும் போகாது.

உங்கள் மகள் சாரு


சாஆ,
2 மே

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

மகேஸ்வரன் போனதை எழுதாதது தப்புதான். அவன் போன அன்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. எனக்குக் குரல் இருந்த காலத்திலும் அவன்தான் பேசுவான், நான் தலையாட்டுவேன், இருபது வருடம் அப்படிப் போயிற்று. புத்தாண்டன்று கோயிலுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுவிட்டுப் பிறகு கழற்றி வைத்துவிட்டேன்.

விழுந்தால் என்ன செய்வது என்று நானும் யோசித்தேன். விசில் ஊதலாம் என்று பார்த்தேன், மூச்சு கழுத்து ஓட்டை வழியாகவே போய்விடுகிறது. ஆபீசில் கேட்டுப் பழைய கைமணி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கவலைப்படாதே.

பாகோ நல்ல இடம்தான். உன் இஷ்டம்.

அப்பா


மாசாய்,
14 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டிலிருந்து கிளம்பிப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கொஞ்சம் தலைவலி, இப்போது இல்லை. நீங்கள் மெலிந்திருக்கிறீர்கள். அதை வீட்டில் சொன்னால் நோட்டை மூடிவிடுவீர்கள் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.

தேர்வு முடிவைப் பார்த்ததும் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தீர்களே, அதற்காகவே இன்னொரு தடவை தேர்வு எழுதலாம் போலிருந்தது.

விண்ணப்பம் போட்டது பெரிய பாரம் இறங்கியது போல் இருக்கிறது. செல்வராணி அக்கா கம்ப்யூட்டர் கடையில் அன்று எத்தனை பிள்ளைகள் பார்த்தீர்களா. எல்லாருடைய அடையாள அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் அவர் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக இருக்கின்றன. “மறந்துட்டு வந்து என்கிட்டத்தானே அழுவீங்க” என்கிறார். சாஆவில் யார் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்பது அந்த நோட்டில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு விருப்பத்தில் முதல் இடம் பாகோ. மற்ற பத்தும் கிட்டத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது இடம் காலியாக இருக்கக் கூடாது என்றுதான் அந்தக் கடல் படிப்பைப் போட்டேன். அதுவரைக்கும் இறங்கி வராது. ஜூன் 24 மாலை ஐந்து மணியோடு எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள்.

சனிக்கிழமைகளுக்கு என்னென்ன சமைக்கலாம் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

உங்கள் மகள் சாரு


சாஆ,
29 ஜூன்

அன்பு மகளுக்கு,

நலம். இங்கே ஒரு வாரமாக மழை. லோரிகள் சேற்றில் சிக்கிக்கொண்டு வேலை தாமதமாகிறது. கோழிகளில் ஒன்றைப் பாம்பு பிடித்துவிட்டது.

விண்ணப்பத்தைப் பற்றி இனி யோசிக்காதே. ஆக வேண்டியது ஆகும்.

பெரியம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாரா?

அப்பா


மாசாய்,
9 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் பெரியம்மாவும் நலம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. கைப்பேசியில் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் மட்டும் போய்வந்தது.

முடிவு வந்துவிட்டது. சபாவில் கடல் அறிவியல்.

எப்படி இப்படி ஆயிற்று என்று தெரியவில்லை. பாகோவுக்கு என் புள்ளிகள் தாராளமாகப் போதும். கம்ப்யூட்டர் எதையாவது மாற்றிப் பிடித்திருக்கலாம். பெரியம்மா, “அலமாக், சபாவா? கடல் தாண்டியா?” என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மேல்முறையீடு செய்யப் பத்து நாள் இருக்கிறது. பாகோவைக் கேட்டால் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொன்னால் இன்றே மனுப் போடுகிறேன். விரைவு அஞ்சலில் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள் சாரு


சாஆ,
12 செப்டம்பர்

என் சாருவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனதுதான் மூன்று மாதமாகச் சரியில்லை.

கம்ப்யூட்டர் ஒன்றும் மாற்றவில்லை. நான் மாற்றினேன்.

ஜூன் 24 காலையில் லீவு சொல்லிவிட்டுச் செல்வராணி கடைக்குப் போனேன். பன்னிரண்டாவதை முதல் இடத்துக்கு மாற்றும்படி மகள் சொன்னாள் என்று தாளில் எழுதிக் காட்டினேன். வாய் பேசாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தாளோ என்னவோ, நோட்டைத் திறந்து உன் கடவுச்சொல்லைப் பார்த்து மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாள். அவளைக் கோபிக்காதே. முழுப் பொய்யும் என்னுடையது.

பாகோ என்று நீ எழுதியபோது இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. காலண்டரில் சனிக்கிழமைகளை எண்ணினேன். உனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த அப்பன்தான் அப்படி எண்ணினேன். நினைத்தால் கூசுகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், உன்னைத் தடுத்து வைத்துக்கொள்ள எனக்கும் மனம் இருந்தது. நீயே தங்குகிறேன் என்று சொன்னபோது நல்லதாயிற்று என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று செல்வராணி கடையில் உன் பின்னால் நின்றேன். பதினோரு படிப்புக்கும் எண்ணைத் தாளில் தேடித் தேடிச் சொன்னாய். பன்னிரண்டாவதற்குத் தாளைப் பார்க்கவே இல்லை. எழுத்தும் எண்ணுமாக அத்தனை நீள எண்ணை ஒரே மூச்சில் மனப்பாடமாகச் சொன்னாய். எத்தனை தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பாய் என்று அப்போது தெரிந்தது. அதற்குப் பிறகு பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய், நானும் சரி என்று ஒத்துக்கொண்டிருப்பேன். என்னை நம்ப எனக்கே தைரியம் இல்லை.

மேல்முறையீடு செய்யாதே. செய்தால் தடுக்க எனக்கு வழியில்லை. இருந்தாலும் செய்யாதே.

அப்பா


கோத்தா கினபாலு,
9 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடு பழகிவிட்டது. நீங்கள் தினமும் மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களா? உண்மையை எழுதுங்கள்.

உங்கள் செப்டம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவே இல்லை. இங்கே வருமுன் பத்து நாள் வீட்டில் இருந்தேன், அப்போதும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்களும் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. சேனாய் விமான நிலையத்தில் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன், கையை ஆட்டாமல் நின்றீர்கள். நான் மன்னிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அப்பா, மன்னிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு கடல் தாண்ட வேண்டியிருந்தது.

ஜூன் 24 அன்று நான் மருந்துக்கடையில் இருந்தேன். காலை பதினொன்று இருபதுக்கு என் கைப்பேசிக்கு மின்னஞ்சல் வந்தது. உங்கள் விண்ணப்பம் மாற்றப்பட்டது என்று இருந்தது. திறந்து பார்த்தேன். முதல் இடத்தில் கடல். யார் செய்தது என்று எனக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கத் தேவைப்படவில்லை. சாஆவில் என் கடவுச்சொல் இருக்கும் ஒரே இடம் அந்தக் கடை.

மாலை ஐந்து மணி வரைக்கும் நேரம் இருந்தது. திரும்பவும் பாகோவை மேலே ஏற்ற இரண்டு நிமிடம் போதும். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. மிஸ் லிம், உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். இருமல் மருந்துப் புட்டிகளை எடுத்து வைப்பதும் திரும்ப அடுக்குவதுமாக இருந்தேன். மூன்று மணிக்கு ஒரு தடவை பக்கத்தைத் திறந்தேன். வரிசையை மாற்றும் பொத்தான் மேல் விரல் இருந்தது. நீங்கள் குளியலறையில் விழுந்து கிடப்பது போல் நினைத்துப் பார்த்தேன், வேண்டுமென்றே நினைத்தேன், அப்படியாவது விரல் அழுத்துமா என்று. அழுத்தவில்லை. மூடிவிட்டேன். ஐந்து மணி அடித்ததும் கடைப் பின்கட்டில் நின்று அழுதேன். அது துக்கம் இல்லை அப்பா. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எல்லாம் தெரிந்துகொண்டே செப்டம்பரில் ஒன்றும் அறியாதவள் மாதிரி எழுதினேன். கம்ப்யூட்டர் மாற்றியதோ என்று கேட்டேன். நீங்கள் ஒப்புக்கொண்டால் அனுப்பியது நீங்கள் என்று ஆகிவிடும், நான் அப்பாவை விட்டுப் போகாத பிள்ளையாகவே இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். உங்கள் பொய் ஒரு தாள் அளவு. என்னுடையது மூன்று மாத அளவு.

நீங்கள் என்னை அனுப்பவில்லை. உங்களைத் தனியாக விட்டுவிட்டு நானாகத்தான் போனேன். அந்த வீட்டில் உட்கார்ந்து மகளை அனுப்பிவிட்டோமே என்று உங்களையே நொந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் படகில் போகிறோம். தண்ணீர் எடுக்கிறோம். நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரைக்கு வந்தால்தான் கஷ்டம். இந்த விடுதி மாடியில் தமிழ் பேச ஒருத்தியும் இல்லை. மலாயில் சிரிக்கிறேன், ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறேன், சில நாள் ஒரு தமிழ் வார்த்தைகூட வாயிலிருந்து வராமலே படுத்துக்கொள்கிறேன். ஐம்பது பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட உங்களுக்கு இந்த இரண்டு வருடம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொள்வேன். வீட்டில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாளும் நினைத்ததில்லை.

நான் இதை அஞ்சலில் போட்டு, அது உங்களிடம் வந்து, நீங்கள் எழுதி, எனக்குக் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். திட்டியாவது எழுதுங்கள். எழுத மனம் வராவிட்டால் வெறும் தாளை மடித்து வைத்து அனுப்புங்கள். உறையின் மேல் என் பேர் உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும்.

உங்கள் மகள்
சாரு